மொட்டை மனு

இப்படிக் கொஞ்சம் நகந்து உக்காருங்க சார். இந்தக் காலை மடக்குனா மரத்துப்போகுது, நீட்டித்தான் உக்காரோணும். ஆங், போதும் போதும். உங்க டோக்கன் எத்தனைங்க? நாப்பத்தாறா? எனக்கு நாப்பத்தொண்ணு. உள்ள இப்பத்தான் பத்தொம்பது போயிருக்குது. திங்கக்கெழம மனு நாள்னா இப்படித்தானுங்க. ஊருக் குறை பூராவும் இந்த வராந்தாவுல வந்து உக்காந்துக்கும்.

உங்களுக்கு என்ன குறைங்க? சாக்கடையா? சாக்கடை சுலுவுங்க, ஆள் வந்து அடைப்பெடுத்துட்டா முடிஞ்சுது. என்ற சமாச்சாரம் அப்படி இல்லீங்க. என்னைய இந்த நகராட்சி ஒரு வருசமாப் படுத்துன பாடு இருக்குதே, கேட்டீங்கன்னா உங்க சாக்கடைய மறந்துபோட்டு எனக்காக நாலு வார்த்தை பேசுவீங்க.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. பேரு சொன்னா யாருக்கும் தெரியாது, பன்னெண்டு வீட்டு நாச்சிமுத்துன்னாத் தெரியும். மூணாவது வீதியில அந்தப் பக்கம் ஆறு வாசல், இந்தப் பக்கம் ஆறு வாசல், நடுவுல ஒரு நடை. லைன் வீடு. பனியன் கம்பெனி வேலைக்கு வெளியூர்ல இருந்து வர்ற சனங்களுக்கு வாடகைக்கு உட்டிருக்கறன். முன்னால இருக்கற ரெண்டு வீட்டு மேல மாடி எடுத்து நானும் வீட்டுக்காரி தெய்வானையும் குடியிருந்தோம். இன்சினீரு கிஞ்சினீருன்னு யாரையும் உள்ள உடலீங்க. எந்தக் கம்பிய எங்க போடோணும், சிமெண்டுக்கு எத்தனை மணல் கலக்கோணும், அத்தனையும் நானே நின்னு சொல்லிக் கட்டுனது. மேஸ்திரி ஒருக்கா, "அண்ணா, கம்பி பத்தாதுங்க"ன்னான். அடுத்த நாளே வேற மேஸ்திரிய வரச் சொல்லிட்டன்.

குடியிருக்கறவங்களுக்கு நான் ஒரு குறையும் வெச்சதில்லீங்க. கக்கூஸ் ரெண்டு கட்டியிருந்தன். ரெண்டு! ஒண்ணு பூட்டியிருக்கும், அது வேற விசயம். ஒண்ணையே பன்னெண்டு குடும்பமும் சேந்து சுத்தமா வெச்சுக்கத் தெரியல, ரெண்டையும் தொறந்து உட்டா என்னாவறது? தண்ணிக்குக் காலையில கால் மணி நேரம் மோட்டாரு போடுவன். கடியாரத்துல பாத்தாப் பத்து நிமிசந்தான் இருக்கும். அதையெல்லாம் உக்காந்து பாத்துட்டிருக்க முடியுங்களா?

இதுல முதல் வீட்டுல ஜெயக்கொடின்னு ஒரு பொம்பள. உசிலம்பட்டிப் பக்கம். கம்பெனியில செக்கிங் வேலை. புருசன் அயர்ன் மாஸ்டர். ஏழு வயசுல ஒரு பொம்பளப் புள்ளை. ஒழுங்கா இருக்கற குடும்பந்தான், இல்லீன்னு சொல்லல. ஆனா வாய் சும்மா இருக்காது. "அண்ணே, மேல இருந்து காரை உதுருதுண்ணே"ம்பா. காரைன்னா உதுராம என்ன பண்ணும்? ஒரு நாள் சோத்துல உழுந்துருச்சுன்னு தட்டத்தோட மாடியேறி வந்து என்ற முன்னால வெச்சுட்டா.

எனக்கும் மனசு கேக்கல. பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு அடிச்ச ஃபிளக்ஸ் ஒண்ணு பரண்ல கெடந்துச்சு. பன்னெண்டுக்கு எட்டு, நல்ல கெட்டி. நானும் தெய்வானையும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு நிப்போம், கீழ 'அனைவரும் வருக'ன்னு போட்டிருக்கும். அதைக் குடுத்து, "நாலு மூலையிலயும் ஆணியடிச்சு மேல இழுத்துக் கட்டிக்க கண்ணு, ஒண்ணும் கீழ உழுகாது"ன்னன். ஏணி கூட நானே குடுத்தன். இந்தக் காலத்துல எந்த வீட்டுக்காரன் ஃபிளக்ஸ் குடுப்பான், சொல்லுங்க?

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. கெடுத்தது என்ற மச்சான் சென்னியப்பன்.

தெய்வானைக்குப் பெரியப்பன் மகனுங்க. எனக்கு நேர் எதிர்ல அவனுக்கும் லைன் வீடு, பதினாலு வாசல். போன வருசம் தை மாசம் அந்த ஆளு திடீர்னு எல்லா வீட்டுக்கும் ஃபேன் மாட்டி உட்டுட்டான். யாருங்க கேட்டா? என்ற ஒம்பதாவது வீட்டுல இருந்தவன் ஒரே நாள்ல பாயைச் சுருட்டிட்டு ரோட்டைத் தாண்டிப் போயிட்டான். "அங்க காத்து வருதுங்க"ன்னு எம் மூஞ்சிக்கு நேரா வேற சொல்லிட்டுப் போறான். அந்த வீட்டுக்கு வேற ஆள் புடிக்க வாடகையில நூறு ரூவாயைக் கொறைக்க வேண்டியதாப் போச்சு.

அந்தச் சமயம் பாத்து நகராட்சிக்கு யாரோ ஒரு மனுப் போட்டுட்டாங்க. பேர் இல்லாத மொட்டை மனு. பொதுநலத்துல அக்கறை இருக்கற ஆளாட்டம் இருக்குது. "ஐயா, மூன்றாவது வீதியில் உள்ள லைன் வீடுகள் சுகாதாரமற்ற முறையில் காணப்படுகின்றன. தண்ணீர்த் தொட்டி மூடப்படாமல் கொசு உற்பத்தியாகிறது. ஏழை எளிய மக்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி, தாங்கள் நேரில் வந்து..."

எனக்கு எப்படிங்க மனப்பாடமாத் தெரியும்னா பாக்கறீங்க?

சரி. நாந்தானுங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. சென்னியப்பன் வீட்டுத் தொட்டி தொறந்து கெடந்தது நெசந்தான், என்ற மாடியில இருந்து பாத்தாத் தெரியும். கதவு நம்பர் போட்டா எழுதுனது நான்னு கண்டுபுடிச்சிருவான்னு, வீதின்னு மட்டும் போட்டுட்டன். அங்கதான் ஏமாந்துட்டனுங்க.

பத்து நாள் கழிச்சு ஒரு செவ்வாக்கெழம, பதினொரு மணி இருக்கும், ஸ்கூட்டியில ஒரு பொண்ணு வந்து எறங்குச்சு. சுகாதார ஆய்வாளராம். பேரு மெஹருன்னிசா. முப்பது வயசு இருந்தாலே அதிகம். பின்னாலயே நோட்டைத் தூக்கிட்டு ஒரு ஆளு. நான் ஓடிப்போயி, "வாங்க மேடம், வெயில்ல வந்திருக்கீங்க, டீ சாப்புடறீங்களா? நீங்க தேடற வீடு எதிர்லதானுங்க"ன்னன்.

"நான் ஒரு வீட்டைத் தேடறேன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"ன்னு கேட்டுச்சு.

ஆனாலும் முதல்ல அங்கதான் போச்சு. நான் மாடியேறிச் சேரை இழுத்துப் போட்டு உக்காந்து, தெய்வானைகிட்ட ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடிச்சுட்டே பாக்கறன். அந்தம்மா தொட்டிக்குள்ள எட்டிப் பாக்குது, சென்னியப்பன் தலையைச் சொறியறான், கையைப் பெசையறான், நோட்டுக்காரன் எழுதறான். முக்கா மணி நேரமுங்க. பொண்ணு கல்யாணத்துல கூட நான் அவ்வளவு நிம்மதியா உக்காரல. அப்பொறம் பாத்தா, அந்தம்மா வெளிய வந்துச்சு, ரோட்டுல ரெண்டு பக்கமும் பாத்துச்சு, நேரா எங்க வாசலுக்கு வருது!

நான் உழுந்தடிச்சு எறங்கி, "மேடம், எங்க வீட்டைப் பத்தி யாரும் மனுப் போடலீங்களே"ன்னன்.

"மனுவுல வீதின்னுதான் இருக்கு. இதுவும் அதே வீதிதானே?"

கம்பெனி நேரமுங்க, பாதி வீடு பூட்டியிருந்துச்சு. அந்தம்மா மொதல்ல கக்கூஸுக்குப் போச்சு. "இன்னொண்ணு ஏன் பூட்டியிருக்கு? சாவி கொண்டாங்க"ன்னுச்சு. தொறந்தன். உள்ள தேங்கா. எங்க தோப்புத் தேங்காயிங்க, வேற எங்க கொண்டு போயி வெக்கறது? நெழலா இருக்குது, எலி வராது. அந்தம்மா ஒரு தேங்காயை எடுத்து ஆட்டிப் பாத்துச்சு. அப்பொறம் நோட்டுக்காரன் பக்கம் திரும்பி, "எழுதிக்கங்க. பன்னெண்டு குடும்பத்துக்கு ஒண்ணு, தேங்காய்க்கு ஒண்ணு"ன்னுச்சு. சிரிக்கவே இல்லீங்க. அரசாங்க ஆளு இப்படியா பேசறது?

தொட்டியில ஒரு டம்ளர் தண்ணி மோந்து என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு. உள்ள பொடிசு பொடிசா நெளியுது. "இது என்ன?" "புழுவுங்க மேடம்." "என்ன புழு?" நான் என்ன புழு வாத்தியாரா?

ஜெயக்கொடி அன்னிக்கு வீட்டுல இருந்தா. புள்ளைக்குக் காய்ச்சல்னு லீவு. நான் முன்னாலயே ஓடிப்போயி, "ஆபீசர் கேட்டா எல்லாம் நல்லாருக்குதுன்னு சொல்லோணும். மாத்திப் பேசறவங்க சாயங்காலமே காலி பண்ணிக்கலாம்"னு பக்குவமாச் சொல்லி வெச்சன். மேடம் வந்து, "உங்க வீட்டுல ஏதாவது குறை இருக்காம்மா?"ன்னு கேட்டுச்சு. ஜெயக்கொடி என்னையப் பாத்தா. நான் அவளைப் பாத்தன்.

"ஒரு குறையும் இல்லங்கம்மா. எல்லாம் நல்லாருக்கு"ன்னா.

எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. அப்படிச் சொல்லிட்டே போயி, துணி காயப்போடற கொம்பை எடுத்து, மேல ஃபிளக்ஸோட ஒரு மூலையைத் தட்டி உட்டா பாருங்க! தடதடன்னு கொட்டுச்சு. உள்ளங்கை அகலத்துக்குக் காரை, துருப்புடிச்ச கம்பித் துண்டு, ஒரு கூடை மண்ணு. ஃபிளக்ஸ் பாதி கிழிஞ்சு தொங்குது. அதுல தெய்வானை மட்டும் கும்பிட்டுட்டு நிக்கறா. மேல பாத்தா, சிலாப்புல கம்பி வரி வரியாத் தெரியுது. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை குறை சொல்லலீங்க. அவ்வளவு வெசம்!

மேடம் அந்தச் சிலாப்பைப் பாக்கறதுக்கு முன்னால மூலையில பாயில படுத்திருந்த புள்ளைகிட்டக் குனிஞ்சு நெத்தியைத் தொட்டுப் பாத்துச்சு. "எத்தனை நாளா?" "நாலு நாளாங்கம்மா. மாத்திரை குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." "எந்திரிங்க. இப்பவே ஆஸ்பத்திரி." நோட்டுக்காரனை நடந்து வரச் சொல்லிட்டு, தாயையும் புள்ளையையும் தன்னோட ஸ்கூட்டியிலயே ஏத்திட்டுப் போயிருச்சு. டெங்கியாம். எட்டு நாள் பெட்டுல வெச்சிருந்தாங்க. டாக்டரு, இன்னும் ஒரு நாள் உட்டிருந்தாச் சொல்ல முடியாதுன்னாராம். அதுக்கு எல்லாரும் என்னைய ஒரு மாதிரிப் பாக்கறாங்க. கொசு எங்க வீட்டுக் கொசுன்னு யாருங்க பாத்தது? எதிர் வீட்டுக் கொசுவா இருக்கக் கூடாதா? கொசு ரோட்டைத் தாண்டாதா?

அப்பொறம் நோட்டீஸ் வந்துச்சு. கெடு முப்பது நாள். சிலாப்பைச் சரி பண்ணோணும், கக்கூஸைத் தொறக்கோணும், இன்னும் ரெண்டு கட்டோணும், தொட்டிக்கு மூடி போடோணும். இல்லாட்டி நகராட்சியே செஞ்சுட்டு என்கிட்ட வசூல் பண்ணிக்குமாம். கவுன்சிலர்கிட்டப் போனன். நம்ம ஆளுதான், தேர்தல்ல என்ற லைன் வீடு பூராவும் சொல்லி ஓட்டு வாங்கிக் குடுத்திருக்கறன். அந்த ஆளு நோட்டீசைப் படிச்சுட்டு, "அண்ணா, தேங்கான்னு எழுதியிருக்குதுங்களே, இதை நான் எப்படிங்க பேசறது?"ன்னு திருப்பிக் குடுத்துட்டான்.

சென்னியப்பன் என்ன பண்ணான் தெரியுங்களா? பதினஞ்சே நாள்ல எல்லாத்தையும் சரி பண்ணிட்டான். தொட்டிக்கு இரும்பு மூடி. புதுசா கக்கூஸ். மானங்கெட்ட பய. கொஞ்சமாச்சும் எதுத்து நிக்க வேண்டாமுங்களா?

நான் உடலீங்க. எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஞாயித்துக்கெழம பன்னெண்டு குடும்பத்தையும் நடையில கூட்டி, "நகராட்சிக்காரங்க உங்களை எல்லாம் காலி பண்ணச் சொல்றாங்க. புள்ளகுட்டிய வெச்சுட்டு எங்க போவீங்க? நான் உங்க பக்கம் நிக்கறன். நாளைக்கு மனு நாளு, எல்லாரும் போயி நியாயம் கேளுங்க"ன்னன். ஒருத்தி அழுதுட்டா. நானே ரெண்டு வேன் புடிச்சு உட்டன். போறப்ப டீ, பன்னு. ஜெயக்கொடி கொஞ்ச நாளைக்கு முன்னாலதான் புள்ளையோட ஆஸ்பத்திரியில இருந்து வந்திருந்தா, அவதான் முன்னால ஏறி உக்காந்தா. 'ஏழைகளை வீதியில் விடாதே'ன்னு அட்டையில கூட நாந்தான் எழுதிக் குடுத்தன்.

இதே வராந்தாதானுங்க. இங்க வந்து கத்தியிருக்காங்க. அந்த மேடம் வெளிய வந்து, எல்லாரையும் கீழ உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, நோட்டீசை எடுத்து வரி வரியா வாய்விட்டுப் படிச்சுக் காட்டியிருக்குது. அதுல குடியிருக்கறவங்க காலி பண்ணோணும்னு ஒரு எழுத்து இல்ல. காலி பண்ணச் சொல்லக் கூடாது, வேலை முடியறவரைக்கும் வேற இடம் வேணும்னா ஏற்பாடு பண்ணோணும், இதைக் காரணம் காட்டி வாடகையை ஏத்தக் கூடாதுன்னுதான் இருக்குது. எனக்கும் தெரியாதுங்க, நான் தேங்கா வரைக்குந்தான் படிச்சிருந்தன். ஏதாச்சும்னாக் கூப்புடுங்கன்னு மேடம் தன்னோட போன் நம்பரையும் எல்லாத்துக்கும் எழுதிக் குடுத்துருச்சு. போறப்ப என்னைய வாழ்த்திட்டுப் போன சனம், திரும்பி வந்து எறங்கறப்ப ஒருத்தர் எம் மூஞ்சியப் பாக்கல. வந்ததும் என்ற வேன்லதானுங்க!

சரி, வேலையைச் செஞ்சுதான் தொலைப்போம்னு ஒரு ஆளை வெச்சு முதல் வீட்டுச் சிலாப்புக்கு அடியில புதுசாப் பூசி, வெள்ளை அடிச்சுட்டன். பளபளன்னு இருந்துச்சு. கெடு முடியற அன்னிக்கு மேடம் வந்துச்சு. இந்தத் தடவை கையில நீளமா ஒரு மரக்கட்டை. மேல சிலாப்பைச் சுவரோரமாத் தட்டிட்டே போகுது. டொக், டொக். ஒரு எடத்துல பொத்துனு சத்தம் வந்துச்சு. "உள்ள கம்பியே இல்ல, எல்லாம் துரு. பவுடர் பூசியிருக்கீங்க"ன்னுச்சு. அங்கயே நின்னு போன் பண்ணி, அன்னிக்குச் சாயங்காலமே ஜெயக்கொடி குடும்பத்தையும் ரெண்டாவது வீட்டுக்காரங்களையும் வேற எடத்துக்கு மாத்திருச்சு. எங்கன்னு கேளுங்க. சென்னியப்பன் வீட்டுக்கு!

போறப்ப மேல கையைக் காட்டி, "இதுக்கு மேல யார் இருக்காங்க?"ன்னுச்சு.

"நாந்தானுங்க மேடம்."

"நீங்களும் இறங்கணும். இன்னைக்கே."

"நான் கட்டுன வீடுங்க மேடம். இதைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"நீங்க கட்டுனதுனாலதான் சொல்றேன்."

எவ்வளவு திமிரு பாருங்க. நான் அசையல. தெய்வானைகிட்ட, "பேசாம உள்ள போ"ன்னன். அவ உள்ள போயி ரெண்டு சேலையும் ரசப்பொடி டப்பாவும் எடுத்துப் பையில போட்டுட்டு வெளிய வந்தா. "எங்கண்ணன் வீட்டுக்குப் போறன். உங்களுக்குச் சோறு வேணும்னா ரோட்டைத் தாண்டி வாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. முப்பத்தி நாலு வருசம் குடும்பம் நடத்தியிருக்கறனுங்க. என்ற பேச்சை உட்டு, மரக்கட்டை பேச்சை நம்பிப் போயிட்டா.

மூணு நாள் ஒத்தையா இருந்தன். அங்க போயிச் சாப்புடல. கடையில பார்சல். நாலாவது நாள் ஞாயித்துக்கெழம, மத்தியானம் ரெண்டரை மணி. பிரியாணியைத் தின்னுட்டு, சேர்ல சாஞ்சு அப்படியே கண்ணசந்தன். ஏதோ மூட்டையை இழுக்கற மாதிரி ஒரு சத்தம். முழிச்சுப் பாக்கறதுக்குள்ள சேரோட ரெண்டு காலு தரைக்குள்ள போயிருச்சு. அப்பொறம் நான் போனன். சாமி சத்தியமுங்க, அவ்வளவு பெரிய ஓட்டை எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. இடுப்பு வரைக்கும் கீழ, மீதி மேல. ஒரு கம்பி தொடையில குத்தி நிறுத்திருச்சு, இல்லாட்டி நேரா முதல் வீட்டு நடுவுல உழுந்திருப்பன். கீழ ஒரே புழுதி. சிலாப்பு முக்காவாசி தரையில கெடக்குது. அந்த நேரத்துக்கு ஜெயக்கொடி புருசனும் புள்ளையும் எப்பவும் அங்கதான் பாயைப் போட்டுப் படுத்திருப்பாங்க. ஞாயித்துக்கெழமயாச்சே. நல்லவேளை, மூணு நாளைக்கு முன்னால மாத்திட்டாங்க. இருந்திருந்தா என்ற மேல கேஸ் ஆகியிருக்குமுங்க.

என்னங்க, அப்படிப் பாக்கறீங்க?

கத்தறன், யாரும் மாடிக்கு வர முடியல, ஏறுனா மீதிச் சிலாப்பும் உழுந்துரும்னு பயம். எதிர்ல இருந்து ஜெயக்கொடிதான் மொதல்ல ஓடியாந்தா. கீழ அந்தக் கல்லு மண்ணு மேல ஏணியைப் போட்டு ஏறி, என்ற ரெண்டு காலையும் கட்டிப் புடிச்சுட்டா. "அண்ணே, நான் புடிச்சிருக்கேண்ணே. உதறாதீங்க. ரத்தம் வருது, உதறாதீங்க"ங்கறா. அவ புருசன் கம்பியை அறுத்தான். முக்கா மணி நேரம் அவ கையை உடலீங்க. மேல இருந்து மண்ணு அவ தலையிலயே கொட்டிட்டு இருந்துச்சு. எனக்கு என்ன அவமானம்னா, கட்டியிருந்தது வேட்டிங்க. வீதியே நின்னு பாத்துச்சு. அந்த மேடமும் வந்து நின்னுச்சு. ஒரு வார்த்தை, 'நான் அன்னிக்கே சொன்னனே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் திருப்பி நாலு சொல்லியிருப்பன். சொல்லலீங்க. ஆம்புலன்சுல ஏத்தி உட்டுட்டுப் போயிருச்சு. அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

பதினேழு தையல். ஆஸ்பத்திரியில இருந்து வந்தா, எனக்குன்னு வீடு இல்ல. பூராத்தையும் பாத்து, இடிக்கற எடத்தை இடிச்சுக் கட்டோணும்னு இன்சினீரு எழுதிட்டாரு, பன்னெண்டு குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் போயிருச்சு. தெய்வானை சென்னியப்பன்கிட்டச் சொல்லி எட்டாவது வாசலை வாடகைக்குப் புடிச்சு வெச்சிருந்தா. பக்கத்துல ஏழாவது வாசல் ஜெயக்கொடி. அஞ்சு மாசம் அங்க குடியிருந்தனுங்க. நானு. குடித்தனக்காரனா.

அந்த அஞ்சு மாசமும் எப்படி இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? அதைத்தான் யாருகிட்டச் சொல்லி அழுகறதுன்னு தெரியல. காலையில குழாயைத் தொறந்தாத் தண்ணி. சாயங்காலம் தொறந்தாலும் தண்ணி. கக்கூஸ் சுத்தமா இருக்குது. ஃபேன் ஓடுது. ஒரு குறை கண்டுபுடிச்சு அவன் மூஞ்சியில வீசலாம்னு நானும் தெனமும் சுத்திச் சுத்திப் பாக்கறன், ஒண்ணு ஆப்புடலீங்க. சென்னியப்பன் தெனம் வாசல்ல வந்து நின்னு, "மாப்ள, சௌகரியமா இருக்கீங்களா? ஏதாச்சும் குறை இருந்தாச் சொல்லுங்க"ம்பான். அதுக்கு மேல ஒரு நாள் சொல்றான், "அந்த மொட்டை மனு எழுதுன புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா ஒரு மாலை போடோணும் மாப்ள. நாலு மாசமா என்ற வீட்டுல ஒரு வாசல் காலி இல்ல." நான் என்னங்க சொல்றது? மாலையை என்ற கழுத்துல போடுன்னா? துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு உள்ள போயிட்டன்.

தெய்வானைக்கு அங்க ஒரே சந்தோசம். சாயங்காலமானா ஏழாவது வாசல்ல உக்காந்து ஜெயக்கொடி கூடச் சிரிச்சுட்டிருப்பா. அந்தப் புள்ளைக்குத் தலை சீவி உடறதும் பாடம் சொல்லித் தர்றதும் அவதான். "முப்பது வருசமா மாடியில இருந்து இவங்க தலையைத்தான் பாத்திருக்கறன்"னா ஒரு நாள். தலையைப் பாத்தா என்ன, காலைப் பாத்தா என்ன? பொம்பளைங்க பேசறது ஒண்ணும் வெளங்காதுங்க.

போன மாசம் வேலை முடிஞ்சுது. நகராட்சி இன்சினீரு வந்து பாத்து, சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. பன்னெண்டு வீடும் புதுசு மாதிரி இருக்குது, நாலு கக்கூஸ், தேங்காய்க்குத் தனியா ஒரு கொட்டாய். 'வீடு வாடகைக்கு'ன்னு போர்டு மாட்டி ஒரு வாரம் உக்காந்திருந்தன். பழைய ஆளுங்களுக்குத் தனித்தனியா போன் போட்டன். அத்தனை பேரும் ஒரே பதில், பேசி வெச்ச மாதிரி. "ஜெயக்கொடி அக்கா வந்தா நாங்களும் வர்றமுங்க."

ஏழாவது வாசலுக்கு நானே போனன். பக்கத்து வாசல்தான், ஆனா போறதுக்கு மூணு நாள் ஆச்சு. "ஜெயக்கொடி, வீடு தயாரா இருக்குது கண்ணு, உன்ற முதல் வீடு"ன்னன். "பாத்துட்டுச் சொல்றேண்ணே"ன்னா.

நேத்து ஞாயித்துக்கெழம, புருசன், புள்ளை, கூடத் தெய்வானை, எல்லாரும் வந்தாங்க. நான் சாவியைக் குடுத்துட்டு நடையில நின்னன். உள்ள போனவ சுவத்தைத் தடவிப் பாக்கறா. குழாயைத் தொறந்து தண்ணியைக் கையில புடிச்சு மோந்து பாக்கறா. புருசனை ஏத்தி உட்டு மேல நாலு மூலையும் தட்டச் சொல்றா. தொட்டி மூடியைத் தூக்கிப் பாக்கறா. ஒரு மணி நேரமுங்க. என்ற வீட்டு வாசல்ல, வெயில்ல, நான் நிக்கறன். உள்ள வந்து உக்காருங்கன்னு யாரும் சொல்லல. எனக்கும் அவங்க கூப்புடாம உள்ள போறதுக்குத் தோணல.

வெளிய வந்து, "நல்லாருக்குண்ணே. யோசிச்சுச் சொல்றேன்"னா.

"இன்னும் என்ன கண்ணு குறை?"

"குறைன்னு இல்லண்ணே. பின் சுவத்துல ஒரு சன்னல் இருந்தா நல்லாருக்கும். எம்புள்ள அந்தப் பக்கந்தான் தலை வச்சுப் படுப்பா. காய்ச்சலுக்கு அப்புறம் காத்து இல்லாட்டித் தூங்க மாட்டேங்குறா. மூணுக்கு நாலு இருந்தாப் போதும்ணே."

சொல்லிட்டுப் போயிட்டா. தெய்வானையும் அவங்க கூடவே போயிட்டா.

அதுக்குத்தானுங்க வந்திருக்கறன். இனி ஒரு செங்கல்லை எடுத்தாலும் அனுமதி வாங்கோணும்னு மேடம் கண்டிசனாச் சொல்லியிருக்குது. அவ சொன்னான்னு சன்னல் வெக்கறேன்னு நெனைச்சுராதீங்க. நான் அப்படிப்பட்ட ஆளில்ல. வீடுன்னா வெளிச்சம் வரோணுமுங்க, காத்து வரோணும், அது எனக்கே தெரியாதா?

மூணுக்கு நாலுன்னுதான் சொன்னா. நான் நாலுக்கு நாலுன்னு எழுதியிருக்கறன். வெச்சதுக்கப்புறம் வந்து பாத்து, சின்னதா இருக்குதுண்ணேன்னு சொல்லிட்டான்னா என்னங்க பண்றது?